மீதி அர்த்தம் நாளைக்கு

முதியோர் இல்லத்தில் வேலை பார்த்த ஒன்பது ஆயாக்களில் அவள்தான் உயரம். கதவு நிலையில் இடித்துக்கொள்ளாமல் இருக்கத் தலையைச் சாய்த்துச் சாய்த்தே கழுத்து ஒரு பக்கமாகக் கோணிவிட்டது. நெட்டை என்றார்கள், முதலில் முதுகுக்குப் பின்னால், பிறகு முகத்துக்கு நேரே. வருகைப் பதிவேட்டில் இருந்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க ஒரு நொடி ஆகும்.

நாற்பத்து நான்கு வயது. புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு வருடம். கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும் ஒரே மகள். காலை ஆறு மணிக்கு வந்தால் தன் பங்குக்கு ஏழு பேரைத் துடைத்து, துணி மாற்றி, மலச்சட்டி எடுத்து, ஊட்டி, புரட்டிப் படுக்க வைத்து, மதியம் இரண்டு மணிக்கு வீடு திரும்புவாள். கையில் சோப்பு வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை இருந்துகொண்டே இருக்கும். மகள் சாப்பிடும்போது அம்மா பக்கத்தில் உட்கார்ந்தால் தண்ணீர் எடுக்கிற சாக்கில் எழுந்துபோய் இடம் மாறி உட்காருவாள். நெட்டை அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பாள்.

இல்லத்தின் அறிவிப்புப் பலகையில் ஒருநாள் ஒரு தாள் ஒட்டினார்கள். இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்த ஆயாக்களுக்கு மருந்து கொடுக்கும் வேலை பழக்கித் தரப்படும், அவர்கள் இனி மலச்சட்டி தொட வேண்டியதில்லை என்று அதில் இருந்தது. நெட்டை அதை மூன்று நாள் போகும்போதும் வரும்போதும் பார்த்தாள். நான்காம் நாள் ஏழாம் அறைக்காரரிடம் கேட்டாள்.

ஏழாம் அறையில் இருந்தவரை வாத்தியார் என்பார்கள். முப்பத்தைந்து வருடம் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் நடத்தியவர். இடுப்பெலும்பு முறிந்து நடை போய்விட்டது, சர்க்கரையும் உண்டு. நாக்குக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. மனைவி இறந்து வெகுநாள் ஆயிற்று. ஒரே மகன் வெளிநாட்டில். இரண்டு வருடத்தில் ஒரு தடவை வந்து, போட்ட நாற்காலியில்கூட உட்காராமல், கால் மணி நேரம் நின்றபடி பேசிவிட்டுப் போனான்.

"சார், எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் சொல்லித் தருவீங்களா?"

அவள் அப்போது அவர் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வாத்தியார் மெதுவாகத் தலையைத் திருப்பிப் பார்த்தார். எலி தானாக நடந்து வந்து பொறிக்குள் உட்கார்ந்தால் பொறி வைத்தவன் எப்படிப் பார்ப்பானோ அப்படி.

"எதுக்கு? துரை யாராவது பொண்ணு கேட்டு வந்திருக்கானா?"

அலமாரியில் துணி அடுக்கிக்கொண்டிருந்த ஆயா களுக்கென்று சிரித்தாள். நெட்டையும் சேர்ந்து சிரித்தாள். சிரித்தால் சொல்லித் தருவார் என்று நினைத்தாள்.

சொல்லித் தந்தார். அவருடைய முறை ஒன்றுதான். வினைச்சொல்லைப் பிடித்தால் மொழி கைக்குள் வந்துவிடும் என்பார். ஒரு வினைச்சொல், அதற்கு நாளைக்கு ஐந்து அர்த்தம். மறுநாள் காலை துடைத்துவிடும்போது ஒப்பிக்க வேண்டும். தப்பினால் தண்டனை.

முதலில் 'கெட்' வந்தது.

"கெட் அப்னா?"

"எந்திரிக்கிறது சார்."

"கெட் லாஸ்ட்னா?"

"தொலைஞ்சு போறது."

"யாரு தொலைஞ்சு போறது?"

நெட்டை யோசித்தாள். "யாராவது சார்."

"நீதான். போய் நடு வராண்டாவுல நின்னு, அந்தத் துணியைத் தலையில வெச்சுக்கிட்டு, 'ஐ கெட் லாஸ்ட்'னு பத்து தடவை சத்தமா சொல்லிட்டு வா."

அவர் உடம்பைத் துடைத்த ஈரத்துணி அது. அதைத் தலையில் வைத்துக்கொண்டு வராண்டாவில் நின்று பத்து தடவை சொன்னாள். ஆயாக்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அன்றிலிருந்து காலை ஏழரை மணிக்கு ஏழாம் அறை வாசலில் இரண்டு மூன்று பேர் வேலை இருப்பதுபோல நிற்பது வழக்கமாயிற்று.

அடுத்து 'ரன்'. அதற்குப் பத்து நாள் பிடித்தது. ஒருநாள் நெட்டை ஒப்பித்து முடித்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "சார், நம்ம பேச்சுலயும் படம் ஓடுது, கடை ஓடுது, மெஷின் ஓடுது, பொழுது ஓடுதுன்னுதானே சொல்றோம். காலே இல்லாததெல்லாம் ரெண்டு பாஷையிலயும் ஓடுதே."

வாத்தியார் அவளை உற்றுப் பார்த்தார். முப்பத்தைந்து வருடத்தில் எந்தப் பிள்ளையும் அவரிடம் இதைச் சொன்னதில்லை. அது சரியாக இருந்ததுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"பெரிய பண்டிதை. கீழே இருக்கே சட்டி, அதை ரெண்டு கையாலயும் தூக்கிக்கிட்டு வராண்டா கடைசி வரைக்கும் ஓடு. நீயும் ஓடு, அதையும் ஓட விடு. சிந்துனா நீயே துடை."

சிந்தியது. அவளே துடைத்தாள்.

இருந்தாலும் அவள் கற்றுக்கொண்டாள், அதைச் சொல்லாமல் விடக் கூடாது. பஸ்ஸில் எழுதியிருந்தது புரிந்தது. மாத்திரை அட்டைப் பெயர்களை எழுத்துக் கூட்டினாள். கற்றதைத் தமிழ் எழுத்தில் ஒரு நோட்டில் எழுதி வைத்தாள். ஒருநாள் மகள் அதைக் கண்டெடுத்து, தோழிக்குப் போன் போட்டு ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டிச் சிரித்தாள். நெட்டை அடுப்படியில் நின்று கேட்டாள். நோட்டைத் திரும்ப எடுத்து அரிசிப் பானைக்குள் வைத்தாள்.

நர்ஸ்களுக்கெல்லாம் தலைவியாக இருந்தவளைப் பெரிய சிஸ்டர் என்பார்கள். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றுவாள். அதனால் அவளுக்குப் பார்வை தெளிவாக இருந்த நேரம் குறைவு. ஒரு வாரம் இரண்டு நர்ஸ்கள் சேர்ந்தாற்போல் லீவில் போனார்கள். பெரிய சிஸ்டர் நெட்டையைக் கூப்பிட்டு மருந்துத் தள்ளுவண்டியைக் காட்டினாள்.

"நீதான் வாத்தியார்கிட்ட டிகிரி வாங்கிட்டியே. நாளையிலேர்ந்து காலை மருந்து நீ கொடு."

"பழக்கித் தருவாங்கன்னு போட்டிருந்துச்சே சிஸ்டர்."

"இப்ப பழக்குறேன் பாத்துக்கோ. இது அட்டை. இது மாத்திரை. அட்டையில இருக்கிறதை எடு, கொடு, டிக் அடி. முடிஞ்சுது."

பயிற்சி அவ்வளவுதான். நெட்டைக்குக் கால் தரையில் பாவவில்லை. இருபத்திரண்டு பேருக்கு மாத்திரை. சின்னச் சின்னக் கிண்ணங்களில் போட்டு, பெயரை வாசித்து, தண்ணீர் கொடுத்து, விழுங்கும்வரை நின்று பார்த்தாள். மூன்றாம் நாள் ஒரு அட்டையில் புரியாத சுருக்கெழுத்து ஒன்று இருந்தது. பெரிய சிஸ்டரிடம் கேட்கப் போனாள். அங்கே யாரோ ஒருவருடைய உறவினர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"கண்ணு பொட்டையா உனக்கு? ஒரு நாளைக்கு ரெண்டு தடவைன்னு எழுதியிருக்கு. வாசிக்கத் தெரியலைன்னா போய்ச் சட்டியைத் தூக்கு. இன்னொரு தடவை சந்தேகம்னு வந்து நின்னே, வண்டியைப் பிடுங்கிடுவேன்."

உறவினர்கள் நெட்டையை ஏற இறங்கப் பார்த்தார்கள். இறங்கிப் பார்க்க நிறைய இருந்தது.

அந்த வாரம் வாத்தியார் ஆரம்பித்திருந்த சொல் 'ஹோல்டு'.

"கையைப் பிடிச்சா ஹோல்டு. மூச்சை அடக்குனா ஹோல்டு. கூட்டம் நடத்துனா ஹோல்டு. இந்த ஹால்ல முந்நூறு பேர் கொள்ளும்னா அதுக்கும் ஹோல்டு. போன்ல காத்திருன்னாலும் ஹோல்டு. முப்பது நாப்பது அர்த்தம் இருக்கு. உன் மண்டைக்கு ஒரு நாளைக்கு அஞ்சு கொள்ளும்." அவருக்கே தன் சிலேடை பிடித்திருந்தது. "எங்கே, மூச்சை ஹோல்டு பண்ணு. நான் அறுபது எண்ணுறேன்."

மூச்சைப் பிடித்தாள். அவர் நொடிக்கு ஒரு எண் என்று எண்ணவில்லை. தன் இஷ்டத்துக்கு எண்ணினார். நாற்பதுக்குப் பிறகு ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவில் தண்ணீர் குடித்தார். ஐம்பத்திரண்டில் நெட்டைக்குக் கண் இருட்டிக் கட்டில் கம்பியைப் பற்றிக்கொண்டு விழுந்தாள். வாசலில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

மறுநாள், வண்டி தள்ளிய ஐந்தாம் நாள், ஏழாம் அறை அட்டையில் சர்க்கரை மாத்திரைக்கு எதிரே சிவப்பு மையில் நான்கு எழுத்து இருந்தது. எழுத்துக் கூட்டவே வேண்டியிருக்கவில்லை. ஹோல்டு.

நேற்றுப் படித்த சொல் இன்று அட்டையில் வந்து நின்றதில் முதலில் அவளுக்குச் சந்தோஷம்தான். தெருவில் தெரிந்த முகத்தைப் பார்த்த மாதிரி. அப்புறம்தான் யோசித்தாள். மாத்திரையைப் பிடிப்பதா? அடக்குவதா? அன்று வாத்தியாருக்கு வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க ஒன்பதரைக்கு ஆள் வருவதாகவும், அதுவரை சாப்பாடு கிடையாது என்றும் சமையல்கட்டில் சொல்லியிருந்தார்கள். அது அவளுக்குத் தெரியும். வண்டியைப் பெரிய சிஸ்டர் அறைப் பக்கம் நாலடி தள்ளினாள். உள்ளே சிஸ்டர் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். வண்டியைத் திருப்பினாள்.

ஏழாம் அறையில் வாத்தியார் விழித்திருந்தார். நோயாளிக்கு அட்டையைக் காட்டக் கூடாது என்பது விதி. அதனால் அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டாள்.

"சார், ஹோல்டுன்னு மட்டும் தனியா எழுதியிருந்தா என்ன சார் அர்த்தம்? முன்னாடி பின்னாடி ஒண்ணுமே இல்லாம?"

"தனியா இருந்தா கட்டளை. பிடின்னு அர்த்தம். பிடி, விடாதே."

"விடாதேயா?"

"விடாதே. காது கேக்கலையா?"

"வேற அர்த்தம் இருக்கா சார்?"

வாத்தியார் சிரித்தார். பசியில் இருந்ததால் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியிருந்தது. "ஏன் இல்லாம? இதுக்கு நேர் எதிரான அர்த்தம்கூட ஒண்ணு இருக்கு. ஆனா நேத்து அஞ்சையும் நீ ஒப்பிக்கவே இல்லை, மயங்கி விழுந்துட்டே. ஓசியில எல்லாத்தையும் ஒரே நாள்ல வாங்கிட்டுப் போகலாம்னு பாக்குறியா? மீதி அர்த்தம் நாளைக்கு."

"சார், ஒரு அவசரத்துக்கு..."

"நாளைக்குன்னா நாளைக்கு. கெட் லாஸ்ட்."

வாசலில் நின்ற ஆயா சிரித்தாள்.

விடாதே. சாப்பாடு இல்லாவிட்டாலும் இந்த மாத்திரையை மட்டும் விட்டுவிடாதே. அதற்குத்தான் சிவப்பு மை என்று நெட்டைக்குப் பட்டது. எவ்வளவு பொருத்தமாக இருந்தது! கிண்ணத்தை நீட்டினாள். வாத்தியார் வாயைத் திறந்தார். தினமும் பார்க்கிற மாத்திரைதான். அவர் பாட்டுக்கு விழுங்கினார். டிக் அடித்தாள்.

ரத்தம் எடுக்கும் ஆள் ஒன்பதரைக்கு வரவில்லை, பத்தரைக்கும் வரவில்லை. பதினொரு மணிக்கு நெட்டை எட்டிப் பார்த்தபோது வாத்தியார் தூங்கிக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. சட்டைக் காலர் நனைந்திருந்தது. தோளைத் தட்டினாள், ஏதோ குழறினார். பெரிய சிஸ்டரிடம் ஓடினாள்.

"சிஸ்டர், ஏழுல வாத்தியாருக்கு வேர்த்துக் கொட்டுது. ஒரு மாதிரியா இருக்காரு."

"பசியில தூங்குறாரு. தூங்குறவரைப் போட்டு எழுப்பாதே. நீ டாக்டராயிட்டியா, எனக்கு வந்து சொல்ல?"

ரத்தம் எடுக்கிறவன் பன்னிரண்டேமுக்காலுக்கு வந்தான். அவன்தான் கத்தினான். வாத்தியாரின் கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தன. பெரிய சிஸ்டர் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தாள். இருபத்து மூன்று, எழுபதுக்குக் கீழே போகக் கூடாதது. கண்ணாடியைக் கழற்றாமலே இரண்டாவது தடவையும் பார்த்தாள்.

ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வாத்தியார் ஏழாம் அறைக்குத் திரும்பினார். உயிர் இருந்தது. வலது கை போயிருந்தது. பேச்சும் போயிருந்தது. மூளைக்குச் சர்க்கரை போகாமல் நெடுநேரம் இருந்ததால் சொற்கள் இருந்த இடம் பட்டுவிட்டது என்றார் டாக்டர். மற்றவர்கள் பேசுவது அநேகமாகப் புரியும், இவரால் சொல்ல முடியாது. வாயைத் திறந்தால் "பா" என்ற ஒரு சத்தம் மட்டும் வரும். தண்ணீருக்கும் பா. வலிக்கும் பா.

விசாரணை மேனேஜர் அறையில் நடந்தது. பத்து நிமிடம்.

"ஹோல்டுன்னா நிறுத்தி வைன்னு அர்த்தம். எட்டாங்கிளாஸ் பிள்ளைக்குத் தெரியும். இவ கொடுத்திருக்கா" என்றாள் பெரிய சிஸ்டர்.

"உன்னை யார் மருந்து கொடுக்கச் சொன்னது?" என்று மேனேஜர் கேட்டார்.

நெட்டை பெரிய சிஸ்டரைப் பார்த்தாள். பெரிய சிஸ்டர் ஜன்னலைப் பார்த்தாள்.

"சிஸ்டர்தான் சார் சொன்னாங்க."

"நானா? ஆயாவை மருந்து வண்டியைத் தொட விடுவேனா? ஆர்வக்கோளாறு சார். இங்கிலீஷ் தெரியும்னு காட்டிக்க ஆசை. எல்லா ஆயாவையும் கேளுங்க."

எல்லா ஆயாக்களையும் கேட்டார்கள். ஒருத்திக்கும் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. இங்கிலீஷில் தட்டச்சு செய்த ஒரு தாளை நெட்டையின் முன் வைத்து, தெரியாமல் நடந்தது என்று எழுதியிருக்கிறது, கையெழுத்துப் போடு என்றார்கள். அவளுக்கு அதில் 'கிவ்' புரிந்தது, 'டேக்' புரிந்தது. கையெழுத்துப் போட்டாள். நகலை வீட்டில் மகள் வாசித்துவிட்டு அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"மேலதிகாரிங்க தடுத்தும் கேக்காம, யாருக்கும் தெரியாம மருந்தை எடுத்துக் கொடுத்தேன்னு எழுதியிருக்கு. இதுக்கா கையெழுத்துப் போட்டே? என்கிட்ட ஒரு போன் பண்ணக் கூடாதா?"

"உனக்குக் காலேஜ் நேரம்."

"நீ படிச்ச லட்சணம்" என்றாள் மகள்.

வாத்தியாரிடம் அர்த்தம் கேட்டதை நெட்டை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சாட்சி யார்? வாசலில் நின்று சிரித்த ஆயாவா? பா என்கிறவரா?

ஒரு வாரம் கழித்து மகன் வந்தான். நாற்பத்தெட்டு, ஐம்பது வயது இருக்கும்; மிருதுவான குரல். இல்லம் முழுக்கச் சுற்றினான். சமையல்காரரிடம் பேசினான், ஆயாக்களிடம் தன்மையாகப் பேசி அப்பா எப்படி இருந்தார், யாரிடம் என்ன சொன்னார் என்றெல்லாம் விசாரித்தான். பிறகு மேனேஜர் அறைக்கு நெட்டையைக் கூப்பிட்டார்கள்.

"இவங்களை வேலையை விட்டு எடுத்துட்டோம் சார். இன்னைக்கே கடைசி நாள்" என்றார் மேனேஜர்.

"வேண்டாம்" என்றான் மகன். "இவங்களே இருக்கட்டும். அப்பாவுக்கு இவங்க மட்டும்தான். வேற ரூமுக்குப் போக வேண்டாம், வேற யாரும் அப்பா ரூமுக்கு வர வேண்டாம். காலையில ஆறுலேர்ந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் இவங்களே பாத்துக்கட்டும்." நெட்டையின் பக்கம் திரும்பினான். "நீங்க கையெழுத்துப் போட்ட தாள் என்கிட்ட இருக்கு. வேலையை விட்டுட்டுப் போனீங்கன்னா அதை எடுத்துக்கிட்டு நான் போலீசுக்குப் போவேன். செய்ததைத் தினமும் பாருங்க. அவ்வளவுதான்."

கன்னத்தில் அறைந்திருந்தால் நெட்டைக்கு ஆறியிருக்கும்.

முதல் நாள் வாத்தியாரின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "தெரியாமப் பண்ணிட்டேன் சார். உங்களைத்தானே கேட்டேன்." அவர் இடது காலால் அவள் தோளில் உதைத்தார். அதற்கு மட்டும் பலம் இருந்தது. அவருக்கு எல்லாம் புரிந்தது. அவள் முகம் கதவில் தெரிந்தாலே பா பா என்று கத்துவார். ஊட்டினால் வாயில் வைத்திருந்து, அவள் குனியும் நேரம் பார்த்து முகத்தில் துப்புவார். துணி மாற்றி முடித்த மறுநிமிடம் வேண்டுமென்றே நனைப்பார். ஒருநாள் அவள் சுண்டுவிரலைக் கடித்ததில் இரண்டு தையல் போட்டார்கள். இரண்டு மாதம் அவள் எல்லாவற்றையும் பொறுத்தாள். தன் பாவத்துக்குக் கூலி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மூன்றாம் மாதம் ஒரு காலை. பாலில் ஊறிய ரொட்டியை வழக்கம்போலத் துப்பினார். அது அவள் கண்ணில் பட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள். அடுத்த கரண்டியை எடுத்து, அவர் வாயருகே கொண்டுபோய், ஒரு சாண் தூரத்தில் நிறுத்தினாள். அது எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாது.

"கெட். அர்த்தம் சொல்லுங்க சார்."

வாத்தியார் அவளைப் பார்த்தார்.

"கெட் அப்னா?"

"பா."

"தப்பு. நாளைக்கு ஒழுங்கா படிச்சிட்டு வரணும்." கரண்டியைக் கிண்ணத்தில் போட்டு, கிண்ணத்தை அவர் கைக்கு எட்டாத ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். கால் மணி நேரம் கழித்துத்தான் ஊட்டினாள். அன்று அவர் துப்பவில்லை.

மறுநாள் 'ரன்'. அரை மணி நேரம். அவர் முயற்சி செய்தார் என்பதுதான் கொடுமை. உதட்டைக் குவித்து, கழுத்து நரம்பு புடைக்க, உள்ளே எங்கோ கிடந்த சொல்லைத் தூக்கப் பார்த்தார். வந்தது பா. கண்ணிலிருந்து நீர் வழிந்தது. வாசலில் பழைய ஆட்கள் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். "நெட்டை டீச்சர்" என்றாள் ஒருத்தி. முதல் தடவையாக அந்த வராண்டாவில் அவளைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. அவளோடு சேர்ந்து சிரித்தார்கள். அது நெட்டைக்குப் பிடித்திருந்தது. எவ்வளவு பிடித்திருந்தது என்பதை வீட்டுக்குப் போகும் வழியில் நினைத்துப் பார்த்து, பஸ்ஸில் இரண்டு நிறுத்தம் தாண்டி இறங்கினாள்.

ஒருமுறை அவருக்கு ஜுரம் கண்டது. ஒரு வாரம் நெட்டை ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினாள். வாத்தியாரும் பேசாமல் வாங்கிக்கொண்டார். ஜுரம் விட்ட எட்டாம் நாள் அவள் கிண்ணத்தோடு உள்ளே வந்ததும், அவர் பயந்துபோய் அவளுக்கு முன்னாலேயே "பா, பா" என்று ஒப்பிக்க ஆரம்பித்தார். தேர்வுக்கு வந்த பிள்ளை மாதிரி. அந்தப் பயத்தைப் பார்த்ததும் அவளுக்குள் ஏதோ இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. "முந்திரிக்கொட்டை மாதிரி ஆரம்பிக்கக் கூடாது. கேட்டா மட்டும் சொல்லணும்" என்றாள். வாசலில் சிரிப்பு.

அவர் இளைத்தார். முதியவர்கள் இளைப்பார்கள் என்று பெரிய சிஸ்டர் எழுதி வைத்தாள். ஏழாம் மாதம் நெஞ்சில் சளி கட்டி, இரண்டு நாள் இழுத்துக்கொண்டு கிடந்து, ஒரு மத்தியானம் போய்விட்டார். நெட்டை அப்போது அவருடைய போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். பா என்றுகூட அவர் சொல்லவில்லை.

எல்லாம் முடிந்த மறுநாள் மகன் அறையைக் காலி செய்ய வந்தான். நெட்டை அலமாரியிலிருந்து துணிகளை எடுத்துக் கொடுத்தாள். அவன் சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"உங்க தாள். கிழிச்சுப் போடுங்க."

அவள் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"சார், ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு மாத்திரை கொடுக்கிறதுக்கு முன்னாடி நான் உங்க அப்பாகிட்டதான் அர்த்தம் கேட்டேன்."

"சொன்னாரா?"

"பாதி சொன்னாரு. மீதி நாளைக்குன்னாரு."

மகன் துணி மடிப்பதை நிறுத்தினான். பிறகு சிரித்தான். அவன் சிரித்து அவள் பார்த்ததில்லை. வாய்விட்டு, தோள் குலுங்கச் சிரித்து, போட்டிருந்த நாற்காலியில் முதன்முதலாக உட்கார்ந்தான்.

"எனக்கு எட்டு வயசுல, ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தெரியலைன்னு சாப்பாட்டுத் தட்டை முன்னாடி வெச்சுட்டு, சாயங்காலம் வரைக்கும் தொட விடலை. எங்க அம்மா ஒரு வாய் ஊட்டப் பாத்தாங்க. அவங்களுக்கும் சேர்த்து மூணு நாள் சாப்பாடு கிடையாது. அம்மா கடைசி வரைக்கும் அவர் முன்னாடி வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசுனது கிடையாது."

நெட்டை கையிலிருந்த சட்டையைக் கட்டிலில் வைத்தாள்.

"நான் வந்த அன்னைக்கு ஆயாங்க எல்லாத்தையும் சொன்னாங்க. ஈரத்துணி, சட்டி, மூச்சு, எல்லாம். அப்புறம்தான் உங்களையே போடச் சொன்னேன். தண்டனை உங்களுக்குன்னு நினைச்சீங்களா?"

"சார்..."

"முதல்ல ரெண்டு மாசம் நீங்க ஒண்ணுமே பண்ணலை. எனக்கு ஏமாற்றமாத்தான் இருந்துச்சு. அப்புறம் வாசல்ல நின்னவங்கள்ல ஒருத்தங்க வீடியோ எடுத்து எனக்கு அனுப்புனாங்க. புகார் சொல்லத்தான் அனுப்புனாங்க, பாவம். நான் தினமும் அனுப்பச் சொன்னேன்." அவன் எழுந்து பையின் ஜிப்பை இழுத்தான். "காலையில காபி குடிச்சிட்டே பாப்பேன். நல்லா பாத்துக்கிட்டீங்க அப்பாவை."

புத்தகங்களைப் பழைய பேப்பர்காரனுக்குப் போடச் சொல்லிவிட்டு ஒரே ஒரு பையோடு போனான். மேனேஜர் வாசல் வரை போய் வழியனுப்பினார். நெட்டை கட்டில் விரிப்பை உருவி, மெத்தையை மருந்துத் தண்ணீரால் துடைத்து, ஜன்னலைத் திறந்து வைத்தாள். நாலு மணிக்கு அந்த அறைக்கு வேறு ஒருவர் வந்தார்.

இத்தனை நாளும் அது தன் கோபம் என்று நினைத்திருந்தாள். பாவமாக இருந்தாலும் தன்னுடையது. அதையும் இன்னொருவன் தள்ளிவிட்டு, தூரத்திலிருந்து வேடிக்கை பார்த்திருக்கிறான். ஆனாலும் கரண்டியைப் பிடித்திருந்தது தன் கைதான். எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் அங்கேதான் வந்து நின்றது.

வீட்டில் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அர்த்தம் கேட்டது, மகன் சொன்னது, ஜன்னல் திட்டில் வைத்த கிண்ணம் வரை. ஒன்றையும் மறைக்கவில்லை. மகள் சாப்பிட உட்கார்ந்திருந்தாள். கை தட்டிலேயே நின்றது. அவள் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை.

"அவருக்குப் பசிச்சிருக்கும்ல?" என்றாள் கடைசியில்.

"ம்."

"உனக்கு அது தெரியும்ல அம்மா?"

"தெரியும்."

மகள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தண்ணீர் எடுக்கிற சாக்குக்கூட இந்தத் தடவை இல்லை. நெட்டை கொஞ்ச நேரம் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. பசித்தது. சட்டியில் மீந்திருந்ததைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.